அஜைல்: பம்புப் பட்டறைக்குத் திரும்பி வந்த சொல்

வேலையைச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பார்த்துத் திருத்திக்கொண்டு போகும் முறைக்கு இன்று அஜைல் என்று பெயர். இந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். 'அகெரே' என்றால் ஓட்டுதல், செலுத்துதல். மாடு ஓட்டுவதற்கும் இதே வினைதான். அதில் பிறந்த 'அகிலிஸ்', எளிதில் அசைந்து திரும்பக்கூடியது என்று பொருள்பட்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சொல்லின் உயிர் வேகத்தில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது. இதைக் கவனிக்காததால்தான் பல முதலாளிகள் 'அஜைல் போட்டால் ஆறு மாத வேலை மூன்று மாதத்தில் முடியும்' என்று நம்பி ஏமாறுகிறார்கள்.

இது மென்பொருள்காரர்களின் சொல் என்பதும் பாதி உண்மைதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி, மென்பொருள் உருவாக்கத்துக்கென்று நான்கு விழுமியங்களை எழுதி அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் 1991-லேயே லீஹை பல்கலைக்கழகத்தின் அயகோக்கா நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, தொழிற்சாலை உற்பத்தியைப் பற்றிப் பேசும்போது இதே சொல்லை ஆண்டிருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1986-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் டாக்கேயூச்சியும் நோனாக்காவும் எழுதிய கட்டுரை. ஒரு துறை முடித்துக் கொடுத்ததை அடுத்த துறை வாங்கி ஓடும் தொடரோட்டத்தை விட்டுவிட்டு, ரக்பி அணிபோல் எல்லாத் துறையும் சேர்ந்து பந்தை நகர்த்த வேண்டும் என்றது அது. அவர்கள் காட்டிய உதாரணங்கள் ஃபுஜி ஜெராக்ஸின் நகலெடுக்கும் இயந்திரம், ஹோண்டா சிட்டி கார், கேனன் கேமரா. எல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்கும். அஜைலில் ஒரு சிறு அணி சேர்ந்து வேலை செய்யும் முறைக்கு வைத்த 'ஸ்க்ரம்' (ரக்பியில் ஆட்டக்காரர்கள் மொய்த்து நிற்கும் திரள்) என்ற பெயர் அங்கிருந்து எடுத்ததுதான். ஆகவே கோயம்புத்தூர், மதுக்கரை, வாளையார் தாண்டிக் கேரளத்தின் கஞ்சிக்கோடு வரை பம்பு, வால்வு, காஸ்டிங் (உலோக வார்ப்பு) செய்கிறவர்கள் 'இது ஐ.டி. பார்க் சமாச்சாரம்' என்று ஒதுக்கக் காரணமில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'சுறுசுறுப்பு' ஆளின் குணம், முறையின் பெயராகாது. 'விரைவு' மேலே சொன்ன ஏமாற்றத்துக்கே வழி. கணினித் துறையில் எழுதுகிறவர்கள் 'தகவெளிமை' என்று ஆள்கிறார்கள்: தகவு, எளிமை, சூழலுக்குத் தக்கபடி எளிதில் மாறுவது. பொருளுக்கு மிகப் பொருத்தம் இதுதான், எழுத்தில் இதையே ஆளலாம். பட்டறைத் தளத்தில் நாக்கில் நிற்காது என்பது வேறு விஷயம்; அங்கே அஜைல் அஜைலாகவே இருக்கட்டும். கிளைச்சொற்களுக்குப் பழகிய தமிழே போதும். சில வாரத்தில் முடிக்கும் ஒரு கட்டம் ஸ்பிரிண்ட், அதற்குச் 'சுற்று'; இனிச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் பேக்லாக், அதற்கு 'நிலுவை'. கணக்குப் பிள்ளைக்கும் புரியும். ஸ்க்ரமுக்கு 'மொய்திரள்' என்று ஒரு சொல் உண்டு. அழகான சொல், ஆனால் தேன்கூடு மாதிரி கேட்கிறது. 'அணி' என்றாலே ஆயிற்று.

மென்பொருளில் ஒரு சுற்று முடிந்தால் ஓடக்கூடிய நிரல் கையில் இருக்க வேண்டும். பம்பில் இரண்டு வாரத்தில் விற்கத்தக்க பம்பு வராது, வரவும் வேண்டாம். சோதித்துப் பார்க்கத்தக்க ஏதோ ஒன்று வந்தால் சுற்று முடிந்தது: டெஸ்ட் பெட்டில் (சோதனை மேடையில்) ஏற்றிய இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்; டீலர் கையில் தூக்கிப் பார்க்க அட்டையில் செய்த கேசிங், அதாவது அந்தச் சக்கரத்தைச் சுற்றிய கூடு; பழுது பார்ப்பவர் ஸ்பானர் நுழைகிறதா என்று பார்க்க ஒரு மர மாதிரி.

இரும்பில் அஜைல் செய்ய முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இதைப் பிறகு மாற்ற என்ன செலவு?' மாற்ற மலிவானது முதலில், செலவானது கடைசியில் என்று நிலுவைப் பட்டியலை அடுக்க வேண்டும். மோட்டாரும் பம்பும் ஒன்றாக அமைந்த ஒரு மோனோபிளாக் பம்பில் இம்பெல்லரின் விட்டத்தை லேத்தில் ஒரு மணி நேரத்தில் குறைத்துவிடலாம். ஹெட், அதாவது நீர் ஏறும் உயரம், விட்டத்தின் இருமடியை ஒட்டி மாறும். 150 மி.மீ. இம்பெல்லரை 144-க்குக் கடைந்தால் ஹெட் ஏறத்தாழ 8 சதவீதம் இறங்கும், மோட்டார் இழுக்கும் பவரும் இறங்கும். எனவே முதல் காஸ்டிங்கைப் பெரிதாக ஊற்றிச் சுற்றுக்குச் சுற்று கடைந்து பார்ப்பதே முறை. குறைத்ததைக் கூட்ட முடியாது. ரொம்பக் கடைந்தாலும் கேசிங்கோடு இடைவெளி கூடித் திறன் விழும். பிளேடின் வளைவையே மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் 3டி பிரிண்ட் இம்பெல்லர். குளிர்ந்த நீரில் சில மணி நேரச் சோதனையைத் தாங்கும்; உள்ளே கூடு விடாமல் முழுக்க நிரப்பி அச்சிட வேண்டும். ஷாஃப்ட் துளையில் பித்தளை புஷ் வைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகிற உதைப்பிலேயே ஷாஃப்டோடு பூட்டும் கீ பள்ளம் பிய்ந்துவிடும்.

மண்ணில் அச்சு எடுக்கும் மாதிரியான பேட்டர்ன் அப்படியல்ல. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும். அலுமினிய பேட்டர்னை ஊற்றுவதற்கென்று மர மாஸ்டர் (முதல் மாதிரி) செய்தால் அலுமினியம் சுருங்கும் 13 மி.மீ.யையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவசரச் சுற்றில் இதை விட்டால் 300 மி.மீ. கேசிங் 4 மி.மீ. குறைந்து வரும், கடைசலுக்கு விட்ட 3 மி.மீ. முழுக்கப் போய், ஃபிளாஞ்சு (குழாயோடு இணையும் விளிம்பு) முகத்தில் கடைசல் படாத கருந்தோல் அப்படியே நிற்கும். அதனால் கேசிங்கின் வெளிவடிவு உறுதியாகும் வரை அலுமினியத்துக்குப் போகாமல் மர பேட்டர்னிலேயே கையால் மண் இடித்து மூன்று நான்கு காஸ்டிங் எடுப்பதே புத்திசாலித்தனம். தகடு வெட்டும் அச்சான ஸ்டாம்பிங் டை அதைவிடக் கடினம். அது எல்லாவற்றுக்கும் கடைசி.

எங்கே சறுக்குகிறது? முதலில் பவுண்டரியில், அதாவது வார்ப்பாலையில். உங்கள் சுற்று இரண்டு வாரம். பவுண்டரிக்காரர் உங்கள் நாலு பெட்டி மண்ணுக்காக உலை ஏற்றமாட்டார், பெரிய ஆர்டரோடு சேர்த்துத்தான் ஊற்றுவார். அவருடைய ஊற்று நாளை முதலில் கேட்டு, அதற்கு ஏற்பச் சுற்றின் நீளத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரமென்றால் மூன்று வாரம்தான். கஞ்சிக்கோட்டில் ஆலையும் கோவையில் ஜாப் ஒர்க்கும் (வெளியாளிடம் கொடுத்துச் செய்விக்கும் வேலை) வைத்திருப்பவர்கள் நாட்காட்டியை இரட்டையாகப் பார்க்க வேண்டும்: பொங்கலுக்குக் கோவையில் ஆளில்லை, ஓணத்துக்குக் கஞ்சிக்கோட்டில். ஜி.எஸ்.டி. வந்தபின் வாளையாரில் வரி பார்க்க லாரி வரிசை கட்டுவது போயிற்று, காகிதம் போகவில்லை. மாநில எல்லை தாண்டும் சாதாரணச் சரக்குக்கு ₹50,000 தாண்டினால்தான் இ-வே பில், அதாவது சரக்கை எடுத்துச்செல்ல இணையத்தில் போடும் சீட்டு. ஆனால் ஜாப் ஒர்க்குக்காக மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு மதிப்பு எவ்வளவானாலும் வேண்டும். ₹2,000 பெறும் ஒரே ஒரு காஸ்டிங்கை பைக்கில் கட்டி அனுப்பும் ஆசைக்கு இது தடை. சலானையும் பில்லையும் போடும் ஆளை அணியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பர்ச்சேஸ் பிரிவு ஒவ்வொரு சின்னச் சாமானுக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டால் சுற்று அங்கேயே நின்றுவிடும். சோதனைச் சாமானுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதற்குள் அணித் தலைவரே வாங்கலாம் என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அஜைலில் அணி தினமும் கூடும் காலை 15 நிமிடக் கூட்டம் மேலாளர் நடத்தும் விசாரணையாக மாறுவதும் வழக்கம். 'ஏன் முடியல?' என்று கேட்டால் நாளையிலிருந்து எல்லாரும் 'முடிஞ்சுதுங்க' என்பார்கள். 'எது தடுக்குதுங்க?' என்று கேட்டால்தான் போரிங் மெஷின் ரெகுலர் ஆர்டரில் மாட்டிக்கிடப்பது வெளியே வரும்.

டிராயிங்கில்தான் பெரும் நஷ்டம். சுற்றுக்குச் சுற்று மாறுவதால் லேத்காரர் கையில் போன மாதத் தாள், பவுண்டரியில் அதற்கு முந்தைய தாள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இன்னும் மோசம், எது கடைசி என்றே தெரியாது. திருத்த எண்ணைத் தாளின் மூலையில் பெரிதாக அடித்து, புதுத் தாள் கொடுக்கும்போது பழைய தாளைக் கையில் வாங்கிக் கிழித்துவிட்டு வர வேண்டும். காஸ்டிங்கிலும் திருத்த எண் எழும்பி நிற்கும்படி பேட்டர்னில் ஒரு எழுத்தை ஒட்டிவிட்டால் எந்தச் சுற்றின் சாமான் என்ற குழப்பம் இல்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு, விவசாய மோனோசெட் (மோட்டாரும் பம்பும் ஒன்றான இதே வகை) என்றால் ஐ.எஸ். 9079 என்ற இந்தியத் தரநிலைக்கு, மாதிரி அனுப்பும் நாள்தான் வடிவத்தைப் பூட்டும் நாள். அதற்குப்பின் இம்பெல்லரைக் கடைந்தால் சோதனைக்குப் போன பம்பு ஒன்று, கடைக்குப் போகும் பம்பு வேறொன்று என்றாகும். அப்போது தோன்றும் யோசனைகளை அடுத்த மாடலின் நிலுவையில் எழுதிக்கொள்ளலாம்.