திருத்தினால் பழைய எண் எங்கே போகிறது?

மாலை 6 மணி. ஒரு வங்கியின் தரவுத்தளத்தில் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் கூட்டும் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கான கணக்குகள் என்பதால் முடியச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் பார்த்து நீங்கள் உங்கள் 5,000 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயை நண்பருக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கை 5,000 என்று ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது. நண்பரின் கணக்குக்கு வரும்போது அங்கே 1,000 கூடியிருக்கிறது. ஒரே பணம் மொத்தத்தில் இரண்டு முறை ஏறிவிடும்.

இதைத் தடுக்கப் பழைய வழி, பூட்டு. கூட்டி முடிக்கும் வரை யாரும் எதையும் மாற்றக் கூடாது. மொத்தம் சரியாக வரும், ஆனால் அதுவரை பணம் அனுப்ப வந்தவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி, இருப்பு மாறும்போது பழைய எண்ணை உடனே தூக்கி எறியாமல் வைத்திருப்பது. 6 மணிக்குப் படிக்கத் தொடங்கியவருக்கு 6 மணி நிலவரம், இப்போது வந்தவருக்கு இப்போதைய நிலவரம். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் மறிப்பதில்லை. துறையில் இதை எம்விசிசி என்பார்கள். ஒரே பதிவுக்குப் பல பதிப்புகள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அந்தப் பழைய பதிப்பை எங்கே வைப்பது? தரவுத்தள மென்பொருள் சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் விலை, உரிமம், கிளவுட் என்றுதான் பேசுவார்கள். அவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்த்தால், போட்டி எங்கே உரசுகிறது என்பது இன்னும் தெளிவாகப் புரியும் என்பது என் எண்ணம்.

ஆரக்கிள் என்ற பெரிய தரவுத்தள நிறுவனத்தின் பதில் இது: புதிய எண்ணைப் பழையது இருந்த இடத்திலேயே எழுது, பழையதை அன்டூ என்ற தனி இடத்துக்கு நகர்த்து. பழைய நிலவரம் தேவைப்படுகிறவருக்கு அங்கிருந்து எடுத்துத் திரும்ப ஒட்டிக் கொடு. 1984-ல் வந்த நான்காம் பதிப்பிலேயே இப்படி முரணில்லாமல் படிக்கும் வசதியை ஆரக்கிள் கொடுத்துவிட்டது. அட்டவணை சுத்தமாக இருக்கும். ஆனால் அன்டூ இடம் அளவானது. நிரம்பினால் பழசின் மேலேயே எழுதும். அப்போது நீண்ட நேரம் ஓடும் கேள்வி ஒன்று, தனக்கு வேண்டிய பழைய எண் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும். 1555 என்ற பிழை எண்ணைப் பார்க்காத ஆரக்கிள் நிர்வாகி அபூர்வம்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்துக்குள் தரவைச் சேமித்து எடுக்கும் பாகமான இன்னோடிபி இயந்திரமும் இதே வகைதான். அதை எழுதியது பின்லாந்தின் இன்னோபேஸ் என்ற சிறிய நிறுவனம். 2005-ல் ஆரக்கிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. தன் பொருளின் மிக முக்கியமான பாகத்துக்குப் போட்டியாளரையே நம்பியிருக்கும் நிலை மைஎஸ்க்யூஎல்லுக்கு வந்தது. 2008-ல் மைஎஸ்க்யூஎல்லை சன் என்ற கணினி நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் எடுத்துக்கொண்டது.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் வேறு பதில் சொன்னது: பழையதை நகர்த்தவே வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எண்கள் உண்டு. எக்ஸ்மின் என்பது எந்தப் பரிவர்த்தனை அதை உருவாக்கியது என்று சொல்லும். எக்ஸ்மேக்ஸ் எந்தப் பரிவர்த்தனை அதை முடித்துவைத்தது என்று சொல்லும். உங்கள் 5,000 ரூபாயை 501-ஆம் பரிவர்த்தனை எழுதியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 742-ஆம் பரிவர்த்தனை அதை 4,000 ஆக்குகிறது. பழைய பதிவு அப்படியே இருக்கும், அதன் எக்ஸ்மேக்ஸில் 742 என்று மட்டும் விழும். இடம் இருந்தால், டிஸ்க்கில் பதிவுகளை அடுக்கிவைக்கும் 8 கிலோபைட் துண்டான அதே ‘பக்கத்திலேயே’ 4,000 என்று புதிய பதிவு ஒன்று எழும். அதன் எக்ஸ்மின் 742. கூட்டல் வேலை 742 முடிவதற்கு முன்பே தொடங்கியதால் அதன் கண்ணுக்கு 5,000 மட்டுமே தெரியும். போஸ்ட்கிரெஸ் கையில் இருப்பவர்கள் ஒரு பதிவைத் திருத்தி, முன்னும் பின்னும் எக்ஸ்மின்னைக் கேட்டுப் பாருங்கள், எண் மாறியிருக்கும்.

பரிவர்த்தனை பாதியில் ரத்தானால் இங்கே திருப்பி ஒட்ட எதுவும் இல்லை. 742 செல்லாது என்று குறித்தால் வேலை முடிந்தது. ஆனால் யாருக்கும் தேவைப்படாத பதிவுகள் குவிந்துகொண்டே போகும். அவற்றை வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அள்ள வேண்டும். அப்புறம், அள்ள முடியாத நேரமும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பரிவர்த்தனையைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பழைய நிலவரம் தேவைப்படலாம் என்பதால் வேக்யூம் எதையும் தொடவில்லை. திங்கட்கிழமை காலையில், கண் இமைக்கும் நேரத்தில் வரும் பதில் நிமிடக்கணக்கில் வந்தது. அந்த இணைப்பைத் துண்டித்த பிறகும் டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. சாதாரண வேக்யூம் இடத்தைக் காலி செய்து அடுத்த பதிவுக்குக் கொடுக்கும், பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் திருப்பித் தராது. அதற்கு வழக்கமாக அட்டவணையை முழுவதும் பூட்டித் திருப்பி எழுத வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. பதிவைச் சட்டென்று தேடிப் பிடிக்க உதவும் பட்டியல்தான் இன்டெக்ஸ். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு இன்டெக்ஸும் பதிவு இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. புதிய பதிப்பு புதிய இடத்தில் பிறப்பதால், ஒரே ஒரு எண் மாறினாலும் எல்லா இன்டெக்ஸிலும் எழுத வேண்டி வரலாம். 2008-ல் வந்த 8.3 பதிப்பு இதைக் கொஞ்சம் குறைத்தது: இன்டெக்ஸ் உள்ள எதுவும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால் இன்டெக்ஸைத் தொட வேண்டாம். ஆனாலும் 2016-ல் ஊபர், போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறிய காரணங்களை வெளியிட்டபோது இந்த எழுத்துச் சுமையை முன்வரிசையில் வைத்தது.

இத்தனை குறை இருந்தும் போஸ்ட்கிரெஸ் ஏறிக்கொண்டே வந்தது. 2023-ல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நடத்திய கணக்கெடுப்பில் மைஎஸ்க்யூஎல்லைத் தாண்டியது. உரிமம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாதபடி அது ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லை. வேறு தரவுத்தளங்களான மோங்கோடிபி 2018-லும் ரெடிஸ் 2024-லும் தங்கள் உரிமத்தை இறுக்கின. போஸ்ட்கிரெஸில் அப்படி இறுக்க முதலாளி என்று ஒருவர் கிடையாது. அதனால் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே அதைத் தங்கள் கிளவுடில் விற்கின்றன. ஆரக்கிளிலிருந்து வெளியேறுவதும் நடக்கிற காரியம்தான் என்று அமேசான் காட்டியது. அதன் நுகர்வோர் வணிகப் பிரிவு 2019-ல் சுமார் 7,500 ஆரக்கிள் தரவுத்தளங்களைக் காலி செய்துவிட்டு, தன் சொந்தத் தரவுத்தளங்களுக்குக் குடிபெயர்ந்தது.

போஸ்ட்கிரெஸ் ஏன் இப்படிப் பழசைப் பக்கத்திலேயே வைக்கிறது? பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கருக்கு 1980-களில் ஒரு ஆசை இருந்தது: எதையும் அழிக்காமல் வைத்திருந்தால், போன மாதம் இந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று தரவுத்தளத்திடமே கேட்கலாம். கால வழிப் பயணம் என்று அதற்குப் பெயரும் இருந்தது. இடமும் வேகமும் கட்டுப்படியாகாமல் 1997-ல் வந்த 6.2 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதற்கென்று கட்டிய வீடு மட்டும் நின்றது, வேக்யூமோடு.

2025-ல் டேட்டாபிரிக்ஸ் என்ற தரவு நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு நியான் என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனத்தை வாங்கியது. நியான் சேமிக்கும் வேலையைக் கணக்கிடும் வேலையிலிருந்து பிரித்து, மாற்றங்களின் பதிவேட்டைச் சேமிப்பு அடுக்கிலேயே வைத்துக்கொள்கிறது. அதனால் நேற்றுக் காலை 10:30-க்கு உங்கள் தரவுத்தளம் எப்படி இருந்ததோ, அதை அப்படியே ஒரு கிளையாக, தனிப் பிரதிபோல, திறந்து பார்க்கலாம்.