கோழித் தீவனம் புளிக்கும்போது என்ன நடக்கிறது?

தானியத்தைத் தண்ணீரில் போட்டு வைத்தால் இரண்டு நாளில் ஒன்று புளிக்கும், இல்லையென்றால் அழுகும். ஆரம்பம் இரண்டுக்கும் ஒன்றுதான். தானியத்தின் தோலில் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை வித்துகள் எல்லாம் உலர்ந்து ஒட்டிக்கிடக்கின்றன. ஈரம் பட்டதும் அத்தனையும் விழித்துக்கொள்ளும். முதலில் முந்திக்கொண்டு பெருகுவது நமக்கு வேண்டாத கூட்டம்: குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவும் அதன் உறவுகளும். அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. காற்றில்லாமலும் வாழத் தெரிந்த லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு அதன்பிறகு வழி திறக்கிறது. அது தானியத்தின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. புளிப்பை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். ஆறுக்கு மேல் இருந்த பிஎச், ஓரிரு நாளில் நான்கை ஒட்டி இறங்கிவிடும்.

இந்த இறக்கம் பார்வைக்குச் சிறிதுதான். ஆனால் லாக்டிக் அமிலத்தின் குணம் அதில் தலைகீழாக மாறுகிறது. பிஎச் 6இல் அதன் மூலக்கூறுகளில் 1 சதவீதம்கூட உடையாமல் இருக்காது. மற்றதெல்லாம் அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துண்டுகளாகப் பிரிந்திருக்கும். பிஎச் 4இல் சுமார் 40 சதவீதம் முழு மூலக்கூறாகவே இருக்கும். மின்னூட்டமில்லாத அந்த முழு மூலக்கூறு, பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். அங்கே பிஎச் 7ஐ ஒட்டி இருப்பதால் நுழைந்ததும் உடைந்து அமிலத்தைக் கக்கும். அதை வெளியே தள்ளவே செல்லின் ஆற்றல் எல்லாம் போய்விடும், பெருக மிஞ்சாது. நோய் உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாவும் ஈ.கோலையும் புளித்த தீவனத்தில் அடங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்.

கோழிக்கு இது புதிதுமல்ல. அதன் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் இரை கொஞ்ச நேரம் ஊறிக் கிடக்கும். அங்கேயும் லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குடியிருந்து இதே வேலையைச் செய்கின்றன. தீனிப்பை தொடங்கிவைப்பதை நாம் புளிக்கவைக்கும் வாளி முன்கூட்டியே முடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு லாபம் பாஸ்பரஸ். தானியத்திலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற சேர்மத்தில் பூட்டிக்கிடக்கிறது. கால்சியம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதி கோழியின் குடலில் போதுமான அளவு இல்லை. தானியத்திலேயே அது உண்டு. ஈரமும் மிதமான புளிப்பும் கிடைத்தால் வேலையைத் தொடங்கும். கோதுமையிலும் பார்லியிலும் நிறைய, மக்காச்சோளத்தில் குறைவு. அதனால் மக்காச்சோளத்தோடு கொஞ்சம் கோதுமையோ கோதுமைத் தவிடோ கலந்து புளிக்கவைப்பது நல்லது.

செய்முறை எளிது. கண்ணாடி ஜாடி அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் வாளி எடுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளி கூடவே கூடாது; அமிலம் துத்தநாகத்தைக் கரைக்கும், அது கோழிக்கு நஞ்சு. தானியம் ஊறி உப்பிய பிறகும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் மேலே நிற்க வேண்டும். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். தினம் ஒருமுறை கிளறி, மேலே மிதப்பதை உள்ளே அமுக்கிவிடுங்கள். வெப்பமான நாட்களில் ஒன்றரை இரண்டு நாள் போதும்; குளிரில் நான்கு நாள்கூட ஆகலாம். உப்பு தேவையில்லை. மிகையான உப்பைக் கோழி தாங்காது.

முதல் முறைதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் வேண்டாத கூட்டத்துக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. அடுத்த முறை பழைய புளித்த நீரில் கொஞ்சம் எடுத்து ஊற்றினால், புது வாளி தொடக்கத்திலேயே புளிப்போடு இருக்கும். லாக்டிக் அமில பாக்டீரியாவும் கோடிக்கணக்கில் இறங்கிவிடும். ஒரே நாளில் தயார்.

கலப்புத் தீவனத்தை அப்படியே புளிக்கவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் தனியாகச் சேர்க்கப்படும் லைசின் என்ற அமினோ அமிலத்தை அந்த முதல் கூட்டம் சிதைத்துவிடக்கூடும். தானியத்தை மட்டும் புளிக்கவைத்து, புரதமும் சத்துக் கலவையும் கொடுக்கும் நேரத்தில் கலப்பதே என் பார்வையில் சரி.

சேமிப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நீருக்கடியில் இருக்கும்வரை புளித்த தீவனம் பத்திரமாக இருக்கும். வடித்து எடுத்ததும் துகள்களுக்கிடையே காற்று புகும். ஈஸ்டும் பூஞ்சையும் அமிலத்துக்கு அஞ்சுபவை அல்ல. காற்று கிடைத்தால் லாக்டிக் அமிலத்தையே தின்னும் ஈஸ்டுகள் உண்டு. காவல் குறையும்போது பிஎச் ஏறும், அடங்கியிருந்தவை மறுபடி எழும். ஆகவே அன்றைக்கு வேண்டியதை மட்டும் வடியுங்கள். மீதியை நீரோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். குளிர் புளிப்பை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. இரண்டு மூன்று சிறு வாளிகளை ஒரு நாள் இடைவெளியில் தொடங்கினால் சேமிக்கும் தொல்லையே குறையும்.

நல்ல தீவனத்தில் தயிர்ப் புளிப்பு வாடை வரும். மேலே தட்டையான வெள்ளை ஏடு படிந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட், எடுத்துவிடலாம். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் பஞ்சுபோல் வளர்ந்தால் வாளி முழுவதையும் கொட்டிவிடுங்கள். வாந்தி வாடையும் அழுகல் நாற்றமும் அடித்தாலும் அப்படியே. முன்பே பூஞ்சை பிடித்த தானியத்தைப் புளிக்கவைத்துத் தேற்றலாம் என்று நினைக்காதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சுதான் காரணம். அஃப்ளடாக்சின் என்ற அந்த நஞ்சு அப்படித்தான் அடையாளம் காணப்பட்டது. அதைப் போக்கப் புளிப்பை நம்ப முடியாது.

அளக்கும்போது தண்ணீரின் எடை ஏமாற்றும். முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீவனம் 100 முதல் 120 கிராம் வேண்டும். அதை ஊறவைக்கும் முன்பே அளந்துவிடுங்கள். முழுத் தானியம் என்றால் அரைத்துக்கொள்ளச் சிறு கற்களும் கிடைக்க வேண்டும். புதிதாகப் பழக்கும்போது உலர் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து தொடங்குங்கள். தொட்டியில் மிஞ்சியதை அன்று மாலையே அள்ளிவிடுங்கள், அதை வாளிக்குத் திருப்ப வேண்டாம்.