காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் கையில் என்ன வர வேண்டும்? குமரி மாவட்டத்தவருக்கான விளக்கம்

குமரி மாவட்டத்தில் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகிறவர்கள் குறைவு. கடற்கரை ஊர் என்றால் பங்குத்தந்தையோ ஊர்க்கமிட்டியோ கூட வருவார்கள். குளச்சல், திருவிதாங்கோடு பக்கம் ஜமாத் நிர்வாகிகள். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் அவர்கள் தலைவரான மூட்டுக்காணி. மற்ற இடங்களில் சமுதாயத் தலைவர், வார்டு மெம்பர், கட்சிக்காரர். துணைக்கு ஆள் வருவதில் தப்பில்லை. ஆள் வந்தால்தான் புகாரை எடுப்பார்கள் என்ற நிலை வரும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. ஊர்விலக்கு செய்யப்பட்ட குடும்பத்துக்காக எந்த ஊர்க்கமிட்டி வரும்? ரப்பர் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்கு யார் வருவார்கள்?

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டச் சரிபாதி, முஸ்லிம்கள் 4 சதவீதம் சொச்சம். இப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தரப்பு அதிகம் பேரைக் கூட்டி வந்தது என்று பார்த்து நடவடிக்கை எடுத்தால், எடுத்தது சரியான நடவடிக்கையாகவே இருந்தாலும் மறுதரப்பு நம்பாது. தேதியும் எண்ணும் போட்ட காகிதம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்தால் நம்பும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கும் உரிமை 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது.

இரண்டு காகிதங்கள்

முதலாவது சி.எஸ்.ஆர். ரசீது. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் சமுதாயப் பணிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. உங்கள் மனு அதில் ஏறியதற்கான அத்தாட்சிதான் இந்த ரசீது. எண், ஆண்டு, தேதி, ஸ்டேஷன் முத்திரை, வாங்கியவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். "மனுவை வைத்துவிட்டுப் போங்கள், கூப்பிடுகிறோம்" என்றால் ரசீது வாங்காமல் படியிறங்க வேண்டாம்.

இரண்டாவது எப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை. வழக்கு தொடங்குவது இதில்தான். சி.எஸ்.ஆர். கையில் இருப்பதால் கேஸ் பதிவாகிவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 173(3) இதில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆகவே சி.எஸ்.ஆர். போட்டு இரண்டு வாரம் தாண்டினால் நேரே கேளுங்கள்: "173(3)படி விசாரணையா? டி.எஸ்.பி. அனுமதி இருக்கிறதா? என்ன முடிவு?" இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும் மனுகூடப் பெரும்பாலும் நகரும்.

புகாரை எழுதுவது

பாதி வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதாதீர்கள். என்ன வார்த்தை சொன்னாரோ அதை அப்படியே எழுதுங்கள், எழுதக் கூசினாலும். சாதிப் பெயரையோ மதத்தையோ சொல்லித் திட்டியிருந்தால் இது இன்னும் முக்கியம். எந்த இடத்தில் நின்று சொன்னார், யார் காதில் விழுந்தது என்பதும் வேண்டும். வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது சொன்னதற்கும் முக்கு ரோட்டில் நாலு பேர் முன்னால் சொன்னதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு.

இடத்தைச் சொல்லும்போது ஊர்ப் பெயர் போதாது. நம் பக்கத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு விளைப் பெயர் உண்டு. அதையும், பக்கத்தில் உள்ள குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்), கோயில், ரேஷன் கடை என ஏதாவது அடையாளத்தையும் சேருங்கள். கடலில் நடந்தது என்றால் ஜி.பி.எஸ். கருவியில் பதிவான பாயின்ட்டைக் குறித்துக் கொடுங்கள்.

இரு சமுதாயங்களுக்கு இடையிலான தகராறு என்றால் "அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள்" என்று மொத்தமாக எழுத வேண்டாம். அடித்தவர் மூன்று பேர் என்றால் அந்த மூன்று பேர். கோபத்தில் சம்பவ இடத்திலேயே இல்லாத இருபது பேரைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த இருபதில் ஒருவர் அன்று கத்தாரில் இருந்தார் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினால், உண்மையில் அடித்தவர்களும் சேர்ந்து தப்பிப்பார்கள். மறுதரப்புச் சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் சம்பவத்தைப் பார்த்திருந்தால் அவர் பெயரையும் சாட்சியாகக் கொடுங்கள். அந்த ஒரு சாட்சி உங்கள் ஆட்கள் பத்துப் பேருக்குச் சமம்.

அடிபட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியோ, தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனையோ, டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். யார், எதனால் அடித்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். பயந்துபோய் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் புகார் கொடுத்தால் அந்த ஒரு வரி கடைசிவரை துரத்தும்.

மொழி

விளவங்கோடு தாலுகாவின் மேற்குப் பக்கம் மலையாளம் மட்டுமே எழுதத் தெரிந்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்தியோ வங்காளமோ மட்டும் தெரிந்த தொழிலாளர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். குறையைச் சொல்லும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படுத்தப்படும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350வது பிரிவு. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். நிலையப் பொறுப்பு அதிகாரி அதை எழுத்தில் பதிந்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். வாசித்துக் காட்டுவது சட்டம் சொல்லும் கடமை. ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) எழுதியது நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

எங்கள் எல்லை இல்லை என்றால்

களியக்காவிளையில் நின்றால் ஒரு கால் கேரளத்தின் பாறசாலை ஸ்டேஷன் எல்லையில். தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் கொச்சி துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்கின்றன. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 173(1). இதைத்தான் ஜீரோ எப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த 3 நாளைத் தவறவிட்டு, புகார் கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

எப்.ஐ.ஆர். நகலைப் படிப்பது

நகல் இலவசம். புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே கொடுக்க வேண்டும். அதில் 15 கலங்கள் (கட்டங்கள்) இருக்கும். மூன்றாவது கலத்தில் சம்பவ நேரமும், தகவல் ஸ்டேஷனுக்கு வந்த நேரமும். நீங்கள் காலை 10 மணிக்குப் போயிருக்க, இரவு 8 என்று எழுதியிருந்தால் அப்போதே சொல்லுங்கள். எட்டாவது கலம் தாமதத்துக்குக் காரணம். சமாதானப் பேச்சு நடந்ததால் தாமதம் என்றால் அது அங்கே வர வேண்டும், காலியாக விட்டால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதுதான். பன்னிரண்டாவது கலம் உங்கள் புகாரின் வாசகம். பதினைந்தாவது, கோர்ட்டுக்கு அனுப்பிய தேதியும் நேரமும். வழக்கு பதிந்து 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 193வது பிரிவு.

எடுக்க மறுத்தால்

வாக்குவாதம் வேண்டாம். அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு நாகர்கோவில் முகவரியில் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இது 173(4). புதன்கிழமை மனு விசாரணை நாளில் நேரிலும் கொடுக்கலாம், ஆனால் தபால் ரசீது கூடுதல் பலம். அப்படியும் நடக்கவில்லை என்றால் 175(3)படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு அனுப்பும் படியைத் தாண்டிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வக்கீல் கிடைக்கும்.

பெண்கள், 60 வயது கடந்தவர்கள், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும் (179வது பிரிவு).

வன்கொடுமைச் சட்டம்

1989ஆம் ஆண்டு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மேலே சொன்ன 14 நாள் முதற்கட்ட விசாரணை செல்லாது. 18ஏ பிரிவு அதை நீக்கியிருக்கிறது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பல குற்றங்களுக்கு நிவாரணத் தொகையில் 25 சதவீதம் எப்.ஐ.ஆர். கட்டத்திலேயே உண்டு. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4வது பிரிவில் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

நம் மாவட்டத்தில் பலர் கடைசி நேரத்தில் அறிந்து இடிந்துபோகும் விஷயம் ஒன்று. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதி. கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம் அதே தெருவில் அதே இழிசொல்லைக் கேட்டாலும் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. இது வேதனையான நிலைதான். அவர்களுக்கு மிரட்டல், தாக்குதல் போன்ற பொதுச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றன, அவற்றில் புகாரை வலுவாக எழுத வேண்டும். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை, எனவே காணிக்காரர் எந்த மதத்தில் இருந்தாலும் சட்டம் பொருந்தும். சாதிச் சான்றிதழ் நகலைப் புகாரோடேயே சேர்த்துவிடுங்கள்.

கைதும் கேமராவும்

கைதானவருக்குக் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விகான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசா தொழிலாளியிடம் தமிழில் சொல்லித் தமிழில் கையெழுத்து வாங்கினால் போதாது. உறவினருக்குத் தகவல், சாட்சி கையெழுத்திட்ட கைதுக் குறிப்பு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர் எல்லாம் கட்டாயம். கைதானவர்களின் பெயரும் முகவரியும் குற்றத்தின் தன்மையும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 37வது பிரிவு). ஆளைக் காணவில்லை என்று அலைபவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும்.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரணத்தில், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது நீதித்துறை நடுவரின் அறிக்கையில் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷன்களிலும் குரல் பதிவோடு கூடிய கேமரா, 18 மாதச் சேமிப்பு என்று உத்தரவிட்டது. ஸ்டேஷனுக்குள் அடி விழுந்தால், தேதியும் நேரமும் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எஸ்.பி.க்கு எழுதுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

திருவிழா, ஊர்வலம், சமாதானக் கூட்டம்

1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அதன்பின் ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி, கொடி, குருசடி என எது பற்றிக் கிளம்பினாலும் வருவாய்த்துறையும் போலீசும் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த ஆண்டு அதே சண்டை வரும், அதிகாரிகளும் மாறியிருப்பார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பாதை எந்தத் தெரு வழியே, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் மேளம் நிற்கும் என்பதுவரை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாள் கெடு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, எல்லா வழிபாட்டுத் தலத்துக்கும் பொது.

மதத்தைப் பழித்து வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால் "பாருங்கள் அநியாயத்தை" என்றுகூட அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் நீங்களும் பரப்பியவர் ஆகலாம். அனுப்பிய எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூலப் பதிவை அழிக்காமல் போனிலேயே வைத்து, புகாரோடு கொடுங்கள்.