‘ஃபேர்ம்’ எல்லாம் உறுதி அல்ல

திருகோணமலையில் ஒருவர் “உறுதி இருக்கா?” என்று கேட்டால் அவர் மனத்திடத்தை விசாரிக்கவில்லை, காணிப் பத்திரத்தைத்தான் கேட்கிறார். அறுதி உறுதி (விற்பனை), நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி (அடமானம்) எல்லாம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடப்படும் கடதாசிகள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் வகுத்த முறை அது. அகராதியோ ‘ஃபேர்ம்’ (firm) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘உறுதி’ என்றும் பொருள் தருகிறது. அதை அப்படியே மொழிபெயர்ப்பில் இறக்கிவிட்டால் வாசிப்பவர் காணிப் பக்கம் போய்விடுவார்.

‘ஃபேர்ம்’, ‘உறுதி’ என்ற இரண்டு சொற்களும் நடந்த பாதை என்னவோ ஒன்றுதான். இலத்தீனில் ‘ஃபிர்முஸ்’ என்றால் திடமானது. அதிலிருந்து பிறந்த வினை, ஒப்பமிட்டு நிலைநிறுத்துவதைக் குறித்தது. இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் ‘ஃபிர்மா’ என்றால் இன்றைக்கும் கையொப்பம். கையொப்பத்தில் எழுதும் வணிகப் பெயர், பிறகு அந்த வணிகமே என்று பொருள் விரிந்து, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. திடம் என்ற பொருள் ஒப்பமிட்ட தாளில் போய் நின்றது நம் ‘உறுதி’க்கும் நடந்ததே. அவர்களுடையது கடைப் பலகையில் ஏறியது, நம்முடையது காணிக் கோப்பில் படுத்துக்கொண்டது. (பண்ணையைக் குறிக்கும் ‘ஃபார்ம்’ கூட இந்தக் குடும்பம்தான். முதலில் அது நிலையான குத்தகைப் பணத்தைக் குறித்தது. பண்ணை என்ற பொருள் பிறகு வந்தது.)

ஆகவே வணிகக் கடிதத்தில் வரும் ‘ஃபேர்ம்’ உறுதியும் அல்ல, கம்பனியும் அல்ல. சட்டக் கண்ணில் அது பங்குடைமை, அதாவது பங்காளிகள் கூட்டாக நடத்தும் வியாபாரம். இலங்கையில் அதற்குப் பொருந்துவது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம். நிலாவெளியில் இருவர் சேர்ந்து ஒரு விடுதி நடத்துகிறார்கள் என்று வையுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டதால் அந்த விடுதி, நடத்துபவர்களிலிருந்து வேறான தனிச் சட்ட ஆளாகிவிடாது. விடுதியின் கடனுக்குப் பங்காளிகளின் சொந்த வீடு வரைக்கும் பொறுப்பு வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்த தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனியில், பங்குதாரரின் பொறுப்பு பொதுவாகப் பங்குப் பணத்தோடு நிற்கும். பங்காளி என்ற இடத்தில் பங்குதாரர் என்று தட்டச்சாகிவிட்டால், வங்கிக் கடிதத்தில் வீட்டைக் காக்கிறதா இழக்கிறதா என்பதே மாறிப்போகிறது. இன்னொன்று: மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டும் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில், ஒப்பத்தோடு இருக்க வேண்டும். அதுவும் மேற்சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதுதான். இன்றைக்கு 1,000 ரூபாய் மூலதனத்தில் தேநீர்க் கடைகூடப் போட முடியாது, ஆகவே யாரும் விதிவிலக்கில்லை.

மீன் ஏற்றுமதித் தாளில் ‘ஃபேர்ம்’ என்றால் சதை கெட்டியாக இருப்பது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். மெத்தைக்கு அது இறுக்கம். டென்டரில் விலைக்கு முன்னால் வந்தால், சீமெந்து விலை ஏறினாலும் கொந்துராத்துக்காரர் கூட்டிக் கேட்க முடியாது என்று பொருள். அதன் பக்கத்தில் ‘ஃபிக்ஸ்ட்’ (fixed) என்ற சொல்லையும் பாருங்கள். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் ஒப்பந்த வழக்கில் ‘ஃபேர்ம்’ விலை மாறாது. ‘ஃபிக்ஸ்ட்’ விலையோ குறித்த சுட்டெண்ணின்படி மாறலாம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், பணத்துக்கு அல்ல.

அதே குடும்பத்துச் சொல்லான ‘கன்ஃபேர்ம்’ (confirm) அதிகம் இடறுவது வேலைக் கடிதங்களில். அரச நியமனக் கடிதம் முதல் நாளே நிரந்தரமானது என்று சொல்லும். அடுத்த வரியிலேயே வழக்கமாக 3 வருடத் தகுதிகாண் காலம் வரும். அக்காலம் முடிந்து, வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை போன்ற நிபந்தனைகள் நிறைவேறிய பின்னரே நியமனத்தில் உறுதிப்படுத்தும் கடிதம் தனியாக வரும். நிரந்தரம் வேறு, உறுதிப்படுத்தல் வேறு. விசா விண்ணப்பத்துக்காக ஒன்றை மற்றதாக மாற்றி எழுதினால், தூதரகம் மூலக் கடிதத்தோடு ஒப்பிடும்போது பொய் சொன்னதாகத் தோன்றும்.

இன்னொரு உறவுச் சொல்லான ‘அஃபேர்ம்’ (affirm) வரும் இடம் சத்தியக்கடதாசி, அதாவது உண்மை என்று சொல்லி ஒப்பமிடும் எழுத்து வாக்குமூலம். 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இந்து, பௌத்தர், முஸ்லிம்கள் கடவுள் பெயரில் சத்தியம் செய்வதற்குப் பதிலாக, உண்மை என்று உறுதி கூறும் உறுதியுரை செய்யலாம். கிறிஸ்தவர் வழக்கமாகச் சத்தியம் செய்கிறார். மனச்சாட்சி தடுத்தால் அவரும் உறுதியுரைக்கலாம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவரும், மூதூர் முஸ்லிமும், தேவாலயத்துக்குப் போகிறவரும் ஒரே தட்டச்சுக் கடையில் வரிசையில் நிற்கும் ஊர் இது. பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும்போதுதான் பிழை நுழைகிறது. மேலே “இந்துவாகிய நான்” உறுதியுரைப்பதாகத் தொடங்கி, கீழே ஒப்பத்தோடு வரும் முடிவுரையில் “சத்தியம் செய்து ஒப்பமிட்டார்” என்று முடியும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தேடுவது இந்த முரணைத்தான்.

ஆகவே மேல் வரியையும் முடிவுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சத்தியமோ உறுதியுரையோ, இரண்டிலும் ஒரே வினைச்சொல் இருக்க வேண்டும். முடிவுரையில் இடமும் திகதியும் வேண்டும். ஒப்பத்தை வீட்டில் இட்டுக்கொண்டு போகாதீர்கள். சமாதான நீதவான் முன்னாலோ சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னாலோ இடுங்கள். கடதாசி ஆங்கிலத்தில் இருந்து, ஒப்பமிடுகிற அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டார் என்ற வரி முடிவுரையிலேயே இருக்க வேண்டும். முத்திரை விழுந்த பிறகு பிழை கண்ணில் பட்டால் வெள்ளை மை பூசித் திருத்தாமல், புதிதாகத் தட்டச்சிட்டு மீண்டும் ஒப்பமிடுவதே வழி.