கார்டு: நாணா, கூட்டா?

அண்ணன் மகள் ரெக்கார்டர் என்ற ஊதுகுழலில் டைட்டானிக் பாட்டு பழகுகிறாள். கூடவே நான் கீபோர்டில் கார்டு, அதாவது சில சுரங்களைச் சேர்த்து, பிடிக்கிறேன். யாரோ தமிழில் எழுதிய குறிப்புத் தாள் ஒன்று கைக்கு வந்தது. அதில் கார்டு வரும் இடத்திலெல்லாம் 'நாண்' என்று இருந்தது. "வட்டத்துக்குத்தானே சித்தப்பா நாண், பாட்டுக்கு எதுக்கு?" என்றாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, சரியாகத்தான் கேட்டாள்.

குளறுபடி நம்முடையது அல்ல, ஆங்கிலத்தினுடையது. அங்கே ஒரே எழுத்துக்கூட்டில் (chord) இரண்டு சொற்கள் நிற்கின்றன. வட்டத்தின் நாணைக் குறிக்கும் சொல் கிரேக்கத்துக் 'கோர்தே'யிலிருந்து வந்தது. அதற்குக் குடல் என்று பொருள். குடலைத் திரித்து இசைக்கருவிக்குக் கட்டியதால் தந்திக்கும் அதே பெயர். இசையில் வரும் கார்டு பிறந்த வழி வேறு. ஒத்துப்போவதைக் குறிக்கும் 'அக்கார்டு' என்ற சொல்லின் தலை தேய்ந்து மிஞ்சியது அது. அதன் அடி லத்தீன் 'கோர்', அதாவது நெஞ்சம். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இதையும் தந்தியின் உறவு என்று எண்ணி, நடுவில் ஓர் 'எச்' எழுத்தைச் செருகிவிட்டார்கள். இசைக்கு நாண் என்று எழுதுவோர் அந்த ஓர் எழுத்தை நம்பி ஏமாந்தவர்கள்.

ரெக்கார்டர் என்ற பெயரிலும் இதே 'கோர்'தான் இருக்கிறது. நினைவில் கொள்ளுதல், பாடிப் பழகுதல் என்ற பழைய பொருளில் வந்த பெயர் அது. டேப் ரெக்கார்டர் எல்லாம் பிற்பாடு வந்தது. ஜெர்மன்காரர்கள் 'கட்டைக்குழல்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கட்டை என்றால் சுருதி நினைவு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதைத் தமிழாக்கினால் 'அலகுக்குழல்'. ஊதும் முனையைப் பார்த்தால் கிளி மூக்கேதான். என் ஓட்டு இதற்கு.

கார்டு என்பது குறைந்தது மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. குழலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும் என்பதால், அதற்குத் துணை வேண்டியிருக்கிறது. 1997இல் வந்த டைட்டானிக் படத்துக்கு ஜேம்ஸ் ஹார்னர் போட்ட மெட்டையே எடுத்துக்கொள்வோம். (படத்தில் ஒலிப்பது ரெக்கார்டர் அல்ல, அதன் தம்பியான விசில் என்ற குழல்.) சி மேஜரில், அதாவது 'சி'யைச் 'ச'வாக வைத்து, வாசித்தால் பல்லவி மேல் 'ச'வில் தொடங்குகிறது: பெருவிரலும் நடுவிரலும் துளைகளை மூடியிருக்கும். பெருவிரலை மட்டும் எடுத்தால் 'ரி'. அவள் செய்வது அவ்வளவுதான். கீழே நான் த-ச-க பிடித்திருந்து ப-நி-ரிக்கு மாறுகிறேன். அவளுடைய 'ச' முதல் மூன்றுக்குள் இருக்கிறது, 'ரி' அடுத்த மூன்றுக்குள் இருக்கிறது. அதனால்தான் உறுத்தாமல் உட்காருகிறது. ஒருமுறை நான் மாறத் தாமதித்தபோது அவள் ஊதுவதை நிறுத்திவிட்டு முறைத்தாள்.

கார்டுக்கு நம்மிடம் பழைய சொல் உண்டா? சிலப்பதிகாரம் சுரங்களின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகப் பிரிக்கிறது. சுரத்துக்கே 'நரம்பு' என்றுதான் பெயர்; கிரேக்கர்களைப் போலவே நாமும் தந்தியிலிருந்து சுரத்துக்குப் போனவர்கள். ஆனால் நம் இசை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது. மூன்றைச் சேர்த்து ஒலிப்பதற்கு அந்த நான்கில் எதையும் இழுத்து மாட்ட வேண்டியதில்லை. 'இயைபு' அழகான சொல்தான், ஆனால் யாப்பில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. 'சுரக்கூட்டு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கூட்டில் பருப்பும் காயும் சேர்ந்து வெந்திருந்தாலும் காய் காயாகத் தெரியுமே, அதுபோலத்தான் இதுவும். பேச்சில் 'கார்டு பிடி' என்பதுதான் வாயில் வருகிறது. வரட்டும்.

அவள் தாளில் நாண்களை எல்லாம் அடித்துவிட்டு மேலே 'கூட்டு' என்று எழுதியிருக்கிறாள். நான் தப்பாகப் பிடித்த இடத்தில் மட்டும் 'பொரியல்'.