சுரியோதய்: ஒரு தாய்லாந்து அரசியின் பெயரும் அதற்கான தமிழும்

2001-ல் தாய்லாந்தில் ஒரு பிரமாண்டமான வரலாற்றுப் படம் வந்தது. யானைப்படை, ஆயிரக்கணக்கில் துணை நடிகர்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அப்போதைய தாய்லாந்து அரசி சிறிகித்தின் ஆதரவோடு, அரச குடும்பத்தைச் சேர்ந்த இயக்குநர் சாத்ரிசலெர்ம் யுக்கோன் எடுத்தது. பிறகு பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பொலா குறைத்துத் தொகுத்த வடிவம் அமெரிக்காவில் வெளியானது. படத்தின் பெயர் கதையின் நாயகியான அரசியின் பெயர்தான்: சுரியோதய்.

ஆங்கில எழுத்தில் பார்த்தால் முற்றிலும் அயல் பெயராகத் தெரியும். வாய்விட்டுச் சொன்னால் உடனே பிடிபட்டுவிடும். அது நம் சூரியோதயம்தான்.

சொல்லைப் பிரிப்பது எளிது. சூரிய + உதய. நிலைமொழியின் ஈற்று அகரமும் வருமொழியின் முதல் உகரமும் சேர்ந்தால் ஓகாரம் வரும். நம் இலக்கண நூல்கள் இதைக் குணசந்தி என்கின்றன. சந்திரோதயம், அருணோதயம், மகோற்சவம் எல்லாம் இந்த வழியில் வந்தவையே. ‘உதய’ என்பதில் ‘உத்’ என்றால் மேலே. அதோடு செல்வதைக் குறிக்கும் வினையடி சேர்கிறது. ஆக, மேலே வருதல், எழுதல் என்று பொருள். சூரியன் மேலெழுவது சூரியோதயம்.

இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் முதல் எழுத்து ஏன் ‘சூ’ இல்லாமல் ‘சு’ ஆகிறது? சமஸ்கிருதத்தில் நெடில், பாலி மொழியில் ‘சுரிய’ என்று குறில். தாய்லாந்து தேரவாத பௌத்த நாடு. அங்கே பாலிதான் சமயத்தின் மொழி. அரசவைக்குச் சமஸ்கிருதமும் வேண்டும். தாய்லாந்து மொழி இரண்டிலிருந்தும் அள்ளிக்கொண்டது. எனவே ‘சுரி’ என்று குறிலாக எழுதுவது பிழையில்லை. அதைத் திருத்துவதாக நினைத்து ‘சூரியோதய்’ என்று நீட்ட வேண்டியதில்லை.

சொல்லின் முடிவில் நடந்தது இன்னும் சுவையானது. ‘உதய’ என்ற வடசொல்லை வாங்கிய நாம் கடைசியில் ஒரு ‘ம்’ சேர்த்து உதயம் ஆக்கினோம். அவர்கள் கடைசி உயிரைக் கழற்றி ‘உதய்’ என்று நிறுத்தினார்கள். வட இந்தியர் பெயர் வைக்கும் ‘உதய்’ போலவே. ஒரு வேறுபாடு, அந்தத் தகரம் தாய்லாந்துக்காரர் வாயில் மூச்சுக்காற்று சேர்ந்த வல்லொலியாக வரும். எழுதும்போது பழைய எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படிக்கும்போது ஒலியை மாற்றிக்கொள்வது தாய்லாந்து மொழியின் பழக்கம். ராஜா அங்கே ராச்சா, ஜய என்பது சை, நகரம் நக்கோன், தேவன் தேப். சொல்லின் கடைசியில் வரும் ரகரமும் லகரமும் னகரமாகிவிடும். இயக்குநரின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் பார்த்து யுகோல் என்று படிப்போம். அவர்கள் சொல்வது யுக்கோன். மூலம் ‘யுகளம்’, அதாவது இணை.

இந்த விதிகள் பிடிபட்டால் படத்தில் வரும் மற்ற பெயர்களும் வரிசையாகத் திறந்துகொள்ளும். சுரியோதயின் கணவர் மகா சக்கரபத். அது மகா சக்கரவர்த்தி. அவருக்கு முன் ஆண்ட சையராச்சா நம் ஜயராஜா. மருமகன் தம்மராச்சா, தர்மராஜா. பேரன் நரேசுவன், நர + ஈசுவரன், மீண்டும் அதே குணசந்தி. இந்த நரேசுவன்தான் பிற்காலத்தில் பர்மாவின் பிடியிலிருந்து நாட்டை மீட்டவர். அவரைப் பற்றி இதே இயக்குநர் 2007 முதல் தொடராகப் படங்கள் எடுத்தார். அயுத்தயா என்ற தலைநகரின் பெயர் அயோத்தியிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இனி ‘தய்’ என்ற ஈற்றசைக்கு வருவோம். குழப்பமும் சுவையும் இங்கேதான் அதிகம்.

ஆங்கிலத்தில் எழுதினால் இந்த ஈற்றசையும் தாய்லாந்தின் ‘தாய்’ என்பதும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் பலர் சுரியோதய், சுக்கோதய் ஆகிய பெயர்களில் நாட்டின் பெயர் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். சுக்கோதய் என்பது சுக + உதய, இன்பத்தின் தோற்றம். 13ஆம் நூற்றாண்டில் தழைத்த அந்த அரசின் பெயருக்கும் ‘தாய்’ என்ற இனப்பெயருக்கும் சொல்லளவில் உறவில்லை. தாய் எழுத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டு வேறு. காதில் மட்டும் ஒன்றுபோல விழும்.

ஆனால் படக்குழு செய்தது என்ன? அரசியின் பெயரை வழக்கமாக ‘உதய’ என்ற மூலம் தெரியும்படியான எழுத்துக்கூட்டில் எழுதுவார்கள். படத்தின் தலைப்பில் கடைசி அசை வேறு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது: தாய் இனம் என்றும், யாருக்கும் அடிமைப்படாதவர் என்றும் பொருள்தரும் ‘தய்’. உச்சரிப்பு இம்மியும் மாறவில்லை. நாட்டுக்காக உயிர்விட்ட அரசியைப் பற்றிய, நாட்டுப்பற்று நிரம்பிய படத்துக்கு அந்த எழுத்துக்கூட்டு நன்றாகவே பொருந்துகிறது. தமிழிலோ ஆங்கிலத்திலோ பெயரை எழுதும்போது இந்தச் சிலேடை தொலைந்துபோகிறது. கொண்டுவர வழியும் இல்லை.

தமிழில் ‘சூரியோதாய்’ என்று எழுதினால் வேறொரு வம்பு. அது ‘தாய்’ ஆகி, ஏதோ சூரிய அன்னை போலக் கேட்கும். மூலத்தில் அந்த அகரம் குறில். நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று நெடிலாக எழுதுவது நிலைத்துவிட்டது, அதை மாற்ற முடியாது. அரசியின் பெயரையாவது சுரியோதய் என்று குறிலில் எழுதலாம்.

யார் இந்த அரசி? 1548-ல் கணவர் அரியணை ஏறிச் சில மாதங்களே ஆன நிலையில் பர்மாவின் தபின்சுவேத்தி மன்னன் பெரும்படையோடு அயுத்தயா மீது வந்தான். வேவு பார்க்கவும் பலத்தை அளக்கவும் அரசர் யானை மீது வெளியே போனார். அரசி ஆண்வீரர் உடையணிந்து தானும் ஒரு யானையில் பின்தொடர்ந்தார். பர்மியத் தளபதியான புரோம் நகர ஆளுநரோடு மோதும்போது அரசரின் யானை மிரண்டு திரும்பி ஓட, அவன் துரத்தினான். அரசி தன் யானையைக் குறுக்கே செலுத்தினார். நீண்ட கம்பில் வளைவாள் பொருத்திய ஆயுதத்தால் தோளிலிருந்து மார்பு வரை வெட்டுண்டு யானை மீதே இறந்தார். தாய்லாந்து வழங்கும் கதை இது. அயுத்தயாவில் ஆற்றங்கரையில் வெள்ளையும் பொன்னுமாக நிற்கும் சேதி, அதாவது பௌத்தத் தூபி, அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ‘சேதி’ என்பதும் சைத்தியம் என்பதன் பாலி வடிவத்திலிருந்து வந்ததுதான்.

யானை மீதிருந்து நேருக்கு நேர் பொருவதைத் தாய்லாந்து மொழி ‘யுத்தஹத்தி’ என்கிறது. யுத்தம் + ஹத்தி. ஹஸ்தி என்ற சமஸ்கிருதச் சொல்லின் பாலி வடிவம் ஹத்தி. தமிழில் களிற்றுப்போர் என்று சொல்லலாம். அப்படி இறப்பதைக் குறிக்கவும் நம்மிடம் தொடர் உண்டு. 1054-ல் கொப்பத்துப் போரில் யானை மீது உயிர்விட்ட முதலாம் இராசாதிராசனைச் சோழர் கல்வெட்டுகள் ‘ஆனைமேற்றுஞ்சின’ தேவர் என்கின்றன. துஞ்சுதல் என்றால் உறங்குதல். சுரியோதயின் சாவைத் தமிழில் எழுதுபவர் ‘யானையின் மீது கொல்லப்பட்டார்’ என்று தட்டையாக எழுதுவதைவிட ‘யானைமேல் துஞ்சினார்’ என்று எழுதலாம்.

இப்போது ஒரு கேள்வி. பாங்காக்கில் ஒருவர் காலையில் எழுந்து ‘சுரியோதய்’ ஆயிற்று என்பாரா? மாட்டார். அது ஏட்டுச்சொல். சாதாரணப் பேச்சில் ‘பிரா ஆதித் குன்’ என்பார்கள். ஆதித் நம் ஆதித்தன், ‘குன்’ ஏறுவது. ஆதித் என்றால் ஞாயிற்றுக்கிழமையும்கூட, வாரம் என்றும் பொருள். சூரியனுக்கு அவர்களிடம் ‘தவன்’ என்ற சொல்லும் உண்டு. வடசொல் வாடை இல்லாதது. கிழக்குக்கு ‘தவன் ஒக்’, சூரியன் வெளிவருவது. மேற்குக்கு ‘தவன் தொக்’, சூரியன் விழுவது.

தொல்காப்பியத்தின் ‘எற்பாடு’ நினைவுக்கு வருகிறதல்லவா? எல் என்றால் சூரியன், பாடு என்றால் படுதல், விழுதல். தவன் தொக் சொல்லுக்குச் சொல் அதேதான். ஒன்று திசையானது, மற்றது நெய்தலுக்குரிய சிறுபொழுதானது.

ஆக, சூரியோதயத்துக்கு நல்ல தமிழ் எது? பஞ்சாங்கமும் நாட்காட்டியும் ‘சூரிய உதயம்’ என்றே அச்சிடுகின்றன. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. தமிழாக்க வேண்டும் என்பவர்கள் முதலில் தொடுவது விடியல். எனக்கு இது சரியாகப் படவில்லை. வைகறை இரவின் கடைசிப் பகுதி. விடியல் வெளிச்சம் பரவத் தொடங்குவது. கதிரவன் தலைகாட்டுவது அதற்கும் பிறகு. கிழக்கு வெளுப்பதும் சூரியன் கிளம்புவதும் ஒன்றில்லை என்பது வயலுக்குப் போகிற எவருக்கும் தெரியும். விடியல் என்பது அருணோதயத்துக்கே நெருக்கம்.

‘உதயசூரியன்’ என்பதையும் இதோடு கலக்கக் கூடாது. அது எழுகின்ற சூரியன், ஒரு பொருளின் பெயர். சூரியோதயம் சூரியன் எழுவது, ஒரு நிகழ்ச்சியின் பெயர். முன்னதற்குத் தமிழ் எழுஞாயிறு, அழகான வினைத்தொகை. பின்னதற்கு ஞாயிறெழுச்சி என்பார்கள். இலக்கணப்படி குறையில்லை, ஆனால் இன்று ஞாயிறு என்றால் பாதிப்பேருக்கு விடுமுறை நாள்தான் நினைவுக்கு வரும். எழுச்சி என்றால் ஊர்வலமும் முழக்கமும். இரண்டையும் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமைக் கலகம் போல ஆகிவிடும்!

கதிரெழுச்சி இதைவிடத் தேவலாம். கதிர் என்றதும் வெயில்தான் கண்ணுக்கு வரும். எழுச்சிக்கும் அதன் பழைய காலைப்பொருள் திரும்பிவிடும். திருப்பள்ளியெழுச்சி என்ற சொல்லில் இருப்பது அந்தக் காலைதானே. ‘கதிரவன் குணதிசைச் சிகரம்வந் தணைந்தான்’ என்று தொண்டரடிப்பொடியாழ்வார் தொடங்குவதும் இந்தக் காட்சியையே. இன்னும் பழையதாக வேண்டுமானால் திருமுருகாற்றுப்படையின் முதல் இரண்டு அடிகள்: ‘உலகம் உவப்ப வலனேர்பு திரிதரு / பலர்புகழ் ஞாயிறு கடற்கண் டாஅங்கு’. கடல்மேல் ஞாயிறு எழுவதைச் சொல்ல நக்கீரருக்கு ‘ஏர்பு’ என்ற ஒரு வினையே போதுமாயிருந்தது. ஏர்தல் என்றால் எழுதல். அந்த வினை இன்று வழக்கிழந்துவிட்டது. உழும் ஏர்தான் மிச்சம்.

பேச்சுத் தமிழில் இதற்குக் குறையே இல்லை. பொழுது என்றாலே ஊர்ப்புறத்தில் சூரியன். ‘பொழுது கிளம்புறதுக்குள்ள போயிட்டு வந்துரு’ என்றால் சூரியோதயத்துக்கு முன் என்று பொருள். பிரா ஆதித் குன் என்று சொல்லும் பாங்காக்வாசியும் இதைத்தான் சொல்கிறார்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. வடசொற்களைப் போலத் தமிழும் நேராக அங்கே போய்த் தாய் நாவில் உருமாறியிருக்கிறது. பாங்காக்கின் அரசவை அந்தணர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்கின் பெயர் ‘திரியம்பவாய் திரிபவாய்’. திருவெம்பாவை, திருப்பாவை. பொழுது கிளம்பும் முன் பெண்களை எழுப்பப் பாடிய பாட்டுகள். அந்தச் சடங்கில் ஆடப்பட்ட ஊஞ்சலின் உயரமான சிவப்புத் தூண்கள், பிற்காலத்தில் புதிதாக மாற்றப்பட்டு, வாட் சுதத் கோயிலின் முன் இன்றும் நிற்கின்றன. ஊஞ்சலாட்டம் 1930-களில் நிறுத்தப்பட்டது.

பெயரை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. இயற்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. பொன்னம்மாளை யாரும் வெளிநாட்டில் தங்கத் தாய் என்று அழைப்பதில்லை. படத்தையும் அரசியையும் சுரியோதய் என்றே எழுதலாம். முதல் முறை வரும்போது, கதிரெழுச்சி என்று பொருள்படும் பெயர் என ஒரு வரி சேர்த்தால் வாசகருக்குப் போதும்.