அட்டை அசல், உரிமம் செல்லாது

கையில் இருக்கும் ஓட்டுநர் உரிம அட்டைக்கு, அது அச்சான நாளின் நிலவரம் மட்டுமே தெரியும். நேற்று நீதிமன்றம் உரிமத்தை முடக்கியிருந்தாலும் இன்று அட்டையில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. அட்டை போலியா என்பது ஒரு கேள்வி; உரிமம் இன்று செல்லுமா என்பது வேறு கேள்வி. வட அமெரிக்க அட்டைகளின் பின்புறம் உள்ள பிடிஎஃப்417 பார்கோடை ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, காலாவதி நாள் எல்லாம் திரையில் வரும். ஆனால் அவை அட்டையிலேயே அச்சான விவரங்கள்தான். இரண்டாவது கேள்விக்கு விடை, உரிமத்தை வழங்கிய துறையின் பதிவேட்டில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டிலும் 'செல்லும்' என்ற ஒற்றைச் சொல் எழுதி வைக்கப்பட்டிருப்பதாக நினைத்துவிடக் கூடாது. காலாவதி நாள், வாகன வகை, அபராதப் புள்ளிகள், நீதிமன்ற உத்தரவுகள், மருத்துவச் சான்று எனப் பல பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தே நிலை கணிக்கப்படுகிறது. ஒருவரின் உரிமம் மூன்று மாதம் நிறுத்திவைக்கப்பட்டது என்று கொள்வோம். நான்காவது மாதம் அது தானாகவே உயிர்பெறும் என்று அவர் நம்புவார். பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. மீட்புக் கட்டணம் செலுத்தி, கேட்ட சான்றுகளைக் கொடுக்கும்வரை உரிமம் முடங்கியே கிடக்கும். அறிவிப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஓட்டுபவரே அவ்வப்போது தன் நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பதிவேடுகள் பலவாக இருக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவில் உரிமம் தருவது மாநிலங்கள். லாரி ஓட்டுநர்கள் சிலர் பல மாநிலங்களில் உரிமம் வாங்கி, விதிமீறல்களை அவற்றில் பரப்பி வைத்துத் தப்பி வந்தார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முடிவு கட்டியது: வணிக வாகன ஓட்டுநருக்கு ஒரே உரிமம், மாநிலங்களை இணைக்க ஒரு பொதுக் கணினி அமைப்பு. அதன் மையக் கணினியில் முழு வரலாறு இல்லை. இன்னாருடைய பதிவு இன்ன மாநிலத்தில் இருக்கிறது என்ற சுட்டி மட்டுமே உண்டு. கேட்கும் மாநிலம் அந்தச் சுட்டியைப் பிடித்து மூலப் பதிவேட்டுக்குப் போகிறது. நகல்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க இது நல்ல வழி.

சரி, யார் கேட்டாலும் பதிவேடு பதில் சொல்லலாமா? பிரிட்டனில் இதற்கு எளிய தீர்வு உண்டு. ஓட்டுநரே இணையத்தில் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டைப் பெற்று, வாடகைக் கார் நிறுவனத்திடம் தருகிறார். 21 நாட்களுக்குள், ஒரே ஒரு முறைதான் அதைப் பயன்படுத்த முடியும். அனுமதியின் திறவுகோல் உரியவர் கையிலேயே இருக்கிறது.

செல்பேசியில் வைத்திருக்கும் உரிமத்துக்கு 2021-இல் ஐஎஸ்ஓ 18013-5 என்ற தரநிலை வந்தது. வழங்கிய துறையின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருப்பதால், இணையம் இல்லாமலே விவரங்கள் அசல்தானா என்று சோதிக்கலாம். ஆனால் கையொப்பமும் இடப்பட்ட கணத்துக்கே சாட்சி. பிறகு நடந்த ரத்து அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் துறையிடம் கேட்டால், யார் எங்கே உரிமத்தைக் காட்டினார் என்ற தடம் அங்கே சேர்ந்துவிடும்.

இந்த இக்கட்டுக்கு டிஜிட்டல் சான்றிதழ் உலகம் கண்ட விடை, நிலைப் பட்டியல். ஒவ்வொரு சான்றுக்கும் ஒரே ஒரு பிட்: 0 என்றால் செல்லும், 1 என்றால் ரத்து. இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலைப்படி ஒரு பட்டியலில் குறைந்தது 1,31,072 பிட்கள், அதாவது 16 கிலோபைட் இருக்க வேண்டும். சோதிப்பவர் பட்டியல் முழுவதையும் இறக்கிக்கொண்டு தனக்கு வேண்டிய பிட்டை மட்டும் பார்க்கிறார். அத்தனை பேரில் யாரைப் பார்த்தார் என்பது வழங்கியவருக்குத் தெரியாது. இவ்வளவு சிறிய ஏற்பாட்டில் இவ்வளவு அந்தரங்கம் காக்கப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விலை ஒன்று உண்டு. இறக்கிய பட்டியல் பழசாகும். இடையில் நடந்த ரத்து அடுத்த பதிப்பு வரும்வரை கண்ணில் படாது. வயதை மட்டும் பார்ப்பவருக்கு அது பெரிய குறையல்ல. கனரக வாகனத்தின் சாவியை ஒருவரிடம் ஒப்படைப்பவர் மட்டும் மூலப் பதிவேட்டையே கேட்டாக வேண்டும்.